மெட்டில்டா செய்த உச்சி நட்சத்திரம்

பதினாறு வருஷமாக அந்தத் தெருவில் மற்றவர்கள்தான் மெட்டில்டாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வந்தார்கள். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது. தானும் ஒருநாள் இன்னொருத்தியைப் பார்த்து வயிறெரிய நேரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அதனால் அது வந்தபோது அது என்னவென்றே முதலில் புரியவில்லை. மத்தியானம் தின்ற கணவாய்க் குழம்பு சேரவில்லை என்று நினைத்து, சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடித்தாள்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் முப்பத்தெட்டு வீடுகள் உள்ள சின்னத் தெரு அது. தெருக்கோடியில் அந்தோணியார் குருசடி. குருசடி என்றால் பெரிய கோயில் ஒன்றும் இல்லை; ஒரு சிறு மண்டபம், ஒரு சிலுவை, ஒரு அந்தோணியார் சுரூபம், அவ்வளவுதான். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அதன் முன்னால் ஒரு சவுக்கு மரத்தை வெட்டிக்கொண்டு வந்து, பழைய பெயின்ட் டின்னில் கடல்மணலைப் போட்டு நட்டு, அலங்காரம் செய்வார்கள். ஊரில் மற்ற தெருக்காரர்கள் பிளாஸ்டிக் மரமும் சீனப் பந்தும் வாங்கி மாட்டிக்கொண்டிருந்த காலத்திலும் இந்தத் தெரு மட்டும் அசையவில்லை. அதற்குக் காரணம் மெட்டில்டா.

அவள் கடையில் வாங்குவது ரொம்பக் கொஞ்சம். ஜிகினாத் தாள், கம்பளி நூல், ஒரு டப்பா பெவிக்கால். மீதியெல்லாம் ஊர் தூக்கிப் போட்டது. வந்து குவிகிற கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி மடித்து நட்சத்திரம் செய்வாள். பொன்னெழுத்தும் பிள்ளையாரும் சிலுவையும் பிறையும் அதில் துண்டு துண்டாக மின்னும். டீ கப்பைக் கவிழ்த்து ஜிகினா ஒட்டினால் மணி. தீப்பெட்டியைச் சுற்றிக் கட்டினால் பரிசுப் பொட்டலம். உடையாத கண்ணாடி வளையல் மூன்றை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கம்பளி நூல் சுற்றினால் உருண்டை. கழித்துப் போட்ட வலையின் மிதவைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் அது ஆப்பிள் பழம். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போட்டுவிடுவாள். கரப்பான் பூச்சி கிட்டே வராது.

கடைசியாக உச்சி நட்சத்திரம். மரத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபிறகு, டிசம்பர் இருபத்து மூணு சாயங்காலம், தெருவே கூடி நிற்க, அதைச் செய்தவர்தான் ஏணியில் ஏறி உச்சியில் வைக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். வைத்ததும் கைதட்டுவார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். பிறகு பாட்டு.

மெட்டில்டாவுக்கு வேலை இறால் கம்பெனியில். காலை ஏழு மணியிலிருந்து ஐஸில் கிடக்கிற இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவ வேண்டும். அந்த வாடை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்புவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி இருக்கவும் பழகியிருக்கிறாள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, "என்னா கைளா இது!" என்று நாலு பேர் மெச்சுவது வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளையும் அவள் அந்த ஒன்றை வைத்துத்தான் ஓட்டினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் சரண்யாதேவி வந்து சேர்ந்தாள்.

சரண்யாதேவிக்கு ஊர் ஆறுமுகநேரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற ஸ்டெபினைக் காதலித்து, ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கி, மே மாசம் கல்யாணம் முடித்து, மெட்டில்டா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மருமகளாக வந்தவள். மாமியார் அமலோற்பவம் லேசுப்பட்ட ஆள் இல்லை. மகன் பிடிவாதத்துக்காகச் சம்மதித்தாளே தவிர, மருமகளின் பழைய வழக்கம் எதுவும் வாசற்படி தாண்டி வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தால்கூட, "அது அஞ்ஞானி வழக்கமாளா?" என்று கேட்கிற ரகம். பாவம், அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கவே செய்வாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு அன்பியக் கூட்டம் அமலோற்பவம் வீட்டில் நடந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபமாலை சொல்லி, கடைசியில் காபி குடித்து, மரத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டம். மெட்டில்டா இந்த வருஷம் என்னென்ன செய்யப்போகிறாள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது சரண்யா உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நானும் மரத்துக்கு ரெண்டு மூணு செஞ்சு பாத்தேன். நல்லா இல்லன்னா எடுத்துருதேன்."

மூடியைத் திறந்தாள். உள்ளே பஞ்சின் மேல் மூன்று நட்சத்திரங்கள். வெள்ளை வெளேர் என்று, விளிம்பெல்லாம் படிகம் படிகமாக முளைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் டாலடித்தன. பனியையே பார்த்திராத அந்தத் தெரு வாயைப் பிளந்தது. ஒருத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி செல்போனை எடுத்துவிட்டாள்.

"எதுலளா செஞ்ச?"

"ஆறுமுகநேரிக்காரில்லா! உப்புலதான் செஞ்சிருப்பா. வேற எதுல செய்வா?"

"எம் மருமவ ஒரு பொருளயும் வீணாக்க மாட்டா," என்றாள் அமலோற்பவம். கல்யாணம் ஆன ஏழு மாசத்தில் அவள் மருமகளை மெச்சி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

சரண்யா மாமியார் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மெட்டில்டா. "சின்னப் பிள்ளைக வாயில வச்சுராமப் பாத்துக்கிடணும்."

இதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குப் போய்ச் சீரகத் தண்ணீர் குடித்தது.

மறுநாள் காலையில் அவளுக்கு நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மெட்டில்டாவின் புருஷன் இஞ்ஞாசி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை பார்க்கிறவன். கிறிஸ்துமஸுக்கு மாலே துறையில்தான் கிடப்பான். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படத்தை அங்கே பார்த்துவிட்டு, குரல் செய்தி அனுப்பியிருந்தான்.

"ஏளா மெட்டில்டா, இந்த வருஷம் செஞ்ச வெள்ள நட்சத்திரம் பாத்தேன். இத்தன வருஷத்துல நீ செஞ்சதுலயே இதான்ளா டாப்பு. இங்க எல்லாவனுக்கும் காமிச்சேன்."

அவள் அதை ஒரு தடவைதான் கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கத் தெம்பு இல்லை. பதினாறு வருஷம் குனிந்து வெட்டி ஒட்டிக் கழுத்து வலி வாங்கியவள் ஒருத்தி. ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி. அதுவும் தாலி கட்டிய புருஷன் வாயால். நெஞ்சுக்குள் பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டதுபோல எரிந்தது. அன்று கம்பெனியில் அவள் உரித்த இறாலில் பாதிக்கு வாலும் சேர்ந்து போய்விட்டது என்று சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள்.

ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்த யோசனை வந்தது. உப்புதானே? கடலுக்கு இருபது தப்படி தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆறுமுகநேரிக்காரி உப்புப் பாடம் எடுப்பதா? அவள் செய்தது உள்ளங்கை அளவு. நாம் உச்சி நட்சத்திரத்தையே உப்பில் செய்து ஏற்றினால், கீழே தொங்குகிற இத்தினியூண்டு நட்சத்திரங்களை எவள் பார்க்கப்போகிறாள்?

கம்பெனியில் பக்கத்து மேசைக்காரி சுடலைமாடத்தி. அவள் புருஷன் உப்பளத்து வாட்ச்மேன்.

"எக்கா, ஒரு பை அளத்து உப்பு வேணும். கடை உப்பு வேண்டாம். பாத்தியிலேர்ந்து அள்ளுனது."

"எதுக்கு?"

"கருவாடு போடணும்."

சுடலைமாடத்தி கையில் இருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கார்த்திக மாசம், மழக்காலத்துல கருவாடு போடுத மொத ஆளு நீதான்ளா," என்றாள். ஆனாலும் உப்பு வந்து சேர்ந்தது.

கட்டுக்கம்பியை வளைத்து, ஒரு சாண் அகலத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம் கட்டினாள். அதன் மேல் வெள்ளைக் கம்பளி நூலை நெருக்கமாகச் சுற்றினாள். உப்பை இனிக் கரையாது என்கிற மட்டும் கரைத்துக் கொதிக்க வைத்து, வாளியில் ஊற்றி, நட்சத்திரத்தை ஒரு குச்சியில் கட்டி உள்ளே தொங்கவிட்டாள். வேலைக்குப் போகும்போது வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் ட்ரங்குப் பெட்டியை இழுத்து வைத்துவிட்டுப் போவாள். வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து பார்ப்பாள். நாலாம் நாள் நூலில் குருணை பிடித்தது. எட்டாம் நாள் கல் கல்லாக ஏறியது. பன்னிரண்டாம் நாள் வெளியே எடுத்துச் சமையலறை ஆணியில் மாட்டினாள். மழை இல்லாமல் நல்ல வெயில் அடித்த நாட்கள் அவை. சன்னல் வழியாக வெயில் பட்டபோது அது மின்னிய மின்னலில் அவள் தனியாக நின்று சிரித்தாள். எவளும் பார்க்கவில்லையே என்றுகூட இருந்தது.

அந்த வாரம் கிறிஸ்துமஸுக்கு முந்திய பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற நாள். மெட்டில்டாவும் வரிசையில் நின்று முழங்காலிட்டாள்.

"கோவப்பட்டேன் சாமி. ஒரு பொய் சொன்னேன், கருவாடு போடணும்னு."

கருவாட்டைச் சாமியார் எந்தக் கட்டளையில் சேர்த்தாரோ தெரியவில்லை. "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்ல சாமி."

மூன்று அருள்நிறை மந்திரம் பாவப்பரிகாரமாகக் கொடுத்து அனுப்பினார். இந்த விலைக்குப் பாவம் கழிந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்!

கம்பெனியில் கிறிஸ்துமஸ் லீவு விட்டிருந்தார்கள். இருபத்து இரண்டாம் தேதி விடியும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. கடலிலிருந்து வாடைக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு தெருவுக்குள் வீசியது. காபி போடப் போன மெட்டில்டாவின் உச்சந்தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. ஓடு ஒழுகுகிறது என்று அண்ணாந்தாள். ஒழுகியது நட்சத்திரம். ஐந்து முனையிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தால் கல்லெல்லாம் பிசுபிசுவென்று கழன்று விரலோடு வந்தது. ஒரு முனையில் வெறும் கம்பளி நூல் நனைந்த பூனை வால்போலத் தெரிந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பே தண்ணீராகிக்கொண்டிருந்தது.

அடுப்புப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். விசிறிப் பார்த்தாள். இன்னும் வேகமாகக் கழன்றது. நாளைச் சாயங்காலம் தெருவே அண்ணாந்து நிற்கும். கையில் ஒன்றும் இல்லை. பழைய மாதிரி அட்டையில் ஒன்று செய்யலாம். ஆனால் அந்த வெள்ளை நட்சத்திரங்களுக்கு மேலே அது எப்படித் தெரியும் என்று நினைத்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதாள்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா? அந்த வளையல் உருண்ட எப்படிக் கட்டுதீங்கன்னு கேக்கலாம்னு..."

சரண்யாதேவி அடுக்களை வாசல்வரைக்கும் வந்துவிட்டாள். ஒளிக்க நேரமில்லை. அவள் நட்சத்திரத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த உப்பைப் பார்த்தாள், மெட்டில்டாவின் கண்ணைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"அக்கா, இது அளத்து உப்புல்லா? மழக்காத்துல நிக்காதுல்லா. எங்க ஊருல ஐப்பசி பொறந்தாலே உப்பு அம்பாரத்த மூடிப் போட்டுருவாங்க."

"நீ செஞ்சது மட்டும் எப்படி நிக்கி?"

அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் உப்புல செய்யலக்கா. அது படிகாரம்."

மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். படிகாரம் என்றால் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் தொங்கவிடுவார்களே, ஊர்க்கண் படாமலிருக்க, அந்தத் திருஷ்டிக் கல்.

"எங்கம்மா எம் பெட்டிக்குள்ள ஒரு கட்டி வச்சு அனுப்பிட்டாங்க, புதுசாப் போற வீட்டுல வாசல்ல கட்டுன்னு. அத்த பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். தூக்கிப்போட மனசு வரல. பள்ளிக்கூடத்துல இப்படிப் படிகம் வளக்கப் படிச்சது ஞாபகம் வந்துச்சு, சுடுதண்ணில கரைச்சுப் பாத்தேன். நல்லா வந்துச்சா, அப்புறம் கடைல போயி வாங்குனேன். அன்னைக்கு எல்லாரும் உப்பு உப்புன்னாங்க. அத்தையும் முதத் தடவையா என்னயப் பத்தி நல்லதாச் சொன்னாங்க. எனக்கு வாய் வரல." சொல்லிவிட்டு மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுக்கா. மரத்துல போயித் திருஷ்டிக் கல்லக் கட்டிட்டான்னு வையி வையின்னு வைவாங்க."

"நான் எதுக்குளா சொல்லப்போறேன்?" என்றாள் மெட்டில்டா. அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அமலோற்பவம் சந்தைக்குப் போயிருந்தாள். சரண்யா ஓடிப்போய் மீதியிருந்த படிகாரத்தைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கம்பியைக் கழுவித் துடைத்தார்கள். புது நூல் சுற்றினார்கள். படிகாரத்தைத் தட்டிக் கொதிநீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார்கள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அசைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுச் சரண்யா போனாள். வந்த காரியத்தை, அந்த வளையல் உருண்டையை, மெட்டில்டா சொல்லித்தரவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் எடுத்தபோது நட்சத்திரம் அவள் உப்பில் செய்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் அது அப்படி இருந்ததில் எரிச்சலாகவும் இருந்தது. மனுஷ மனசு ஒரே வாளியில் இரண்டையும் வளர்க்கும்.

சாயங்காலம் ஐந்தரை மணி. மழை வெறித்திருந்தது. தெரு முழுக்கக் குருசடி முன்னால் கூடியது. சவுக்கு மரத்தில் மெட்டில்டாவின் மணிகளும் உருண்டைகளும் பத்திரிகை நட்சத்திரங்களும் தொங்கின. அவற்றுக்கு நடுவே சரண்யாவின் பதினோரு வெள்ளை நட்சத்திரங்கள். சீரியல் பல்பு போட்டதும் ஜனம் எதைப் பார்த்து 'ஆ' என்றது என்பது மெட்டில்டாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் பேசாமல் ஏணியில் ஏறினாள். உச்சி நட்சத்திரத்தைக் கட்டினாள். கையை எடுத்தாள். பல்பு வெளிச்சம் அதில் பட்டுச் சிதறியது.

கைதட்டல் வந்தது. பதினாறு வருஷத்தில் கேட்டதில் அதுதான் பெரிய கைதட்டல். ஏணியில் நின்றபடியே மெட்டில்டா திரும்பினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"ஏளா சரண்யா, உச்சியும் நீதான் செஞ்சியா?"

"இல்ல இல்ல," என்று பதறினாள் சரண்யா. "அது அக்கா செஞ்சது. அக்காதான் கம்பி கட்டி, நூல் சுத்தி..."

"பாத்தியளா, பிள்ளைக்கு எம்புட்டுத் தாழ்ச்சி! செஞ்சதையும் அடுத்த ஆளுக்கு விட்டுக்குடுக்கா பாரு."

"அமலோற்பவம், ஒனக்கு வாய்ச்ச மருமவ தங்கம்ளா."

அமலோற்பவம் மருமகளின் தோளில் கையைப் போட்டாள். பூரிப்பில் அவள் முகமே வேறாக இருந்தது. சரண்யா திரும்பத் திரும்ப "நான் இல்ல, அக்கா" என்றாள். சொல்லச் சொல்ல ஜனம் அவளைக் கூடுதலாக மெச்சியது. மெட்டில்டா ஏணியை விட்டு இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது அவள் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"செஞ்சது நாந்தான்!" என்று கத்தினாள். "பதினாறு வருஷமாச் செய்யுதவ நாந்தான். அவ குடுத்தது வெறும் படிகாரம். உப்பு இல்ல, கேட்டுக்கிடுங்க. மரம் பூராத் தொங்குதுல்லா, அம்புட்டும் படிகாரம். வாசல்ல கட்டுத திருஷ்டிக் கல்லு. அவ அம்மா குடுத்து விட்டது. மாமியாருக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா!"

தெரு முழுக்க மரத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ, "நல்லதுதானே, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாவ," என்று சொல்லச் சிலர் சிரித்தார்கள். பங்குச் சாமியாரும் நல்ல மனுஷன். "படிகாரமும் கடவுள் படைச்சதுதான். பாட்டு ஆரம்பிங்க," என்று தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும், அங்கே அமலோற்பவம் இல்லாமல் இருந்திருந்தால்.

அவள் மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"படிகாரமாளா?"

"ஆமா அத்த."

அமலோற்பவம் பாட்டு முடிகிறவரை நேராகச் சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரண்யா அவள் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் காலையில் மெட்டில்டா தண்ணீர் பிடிக்கப் போனபோது, அமலோற்பவம் குருசடி முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதே ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றையும் எடுத்தபிறகு உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெட்டில்டாவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சாமான எடுத்துட்டேன். ஒன்னத நான் தொடமாட்டேன். நீதானே செஞ்ச, நீயே வச்சுக்கோ."

எதிரிக்குச் சகுனத் தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை உண்டு. மெட்டில்டாவுக்கு மூக்குக்கூட அறுபடவில்லை. எல்லாம் அவள் கேட்டபடியே கிடைத்தது. பதினோரு இடத்திலும் பத்திரிகை நட்சத்திரங்களைக் கட்டி நிரப்பினாள். மரம் முழுக்க முழுக்க அவளுடையதாயிற்று. அன்று முழுவதும் போகிற வருகிற ஜனம் நின்று, "இந்த வருஷம் உச்சி நட்சத்திரம்தான் ஜோரு, மெட்டில்டா," என்று மெச்சிவிட்டுப் போனது. ஒருத்தி அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடச் செய்தாள். இஞ்ஞாசிக்கு உண்மை தெரிந்து, "அந்த நட்சத்திரம் அந்தப் பிள்ள செஞ்சதா? நான் ஒன்னதுன்னுல்லா நெனச்சேன். விடு, உச்சில நிக்கது ஒன்னதுதானே," என்று குரல் செய்தி அனுப்பினான். ஒவ்வொன்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். ஒன்றாவது உள்ளே இறங்கவில்லை. மெச்சுகிறவர்கள் மெச்சியது நூலின் மேல் முளைத்திருந்த கல்லைத்தான். அந்தக் கல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. இரண்டு வீடு தள்ளிப் போய்க் கேட்க வேண்டியதுதான். அன்று இரண்டு தடவை செருப்பைப் போட்டாள், இரண்டு தடவையும் கழற்றினாள்.

கிறிஸ்துமஸ் அன்று பத்து மணிக்குச் சரண்யாதேவியே வந்தாள். பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு, அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் மக்ரூனும் வைத்த தட்டோடு. தெருவில் எந்தச் சண்டை இருந்தாலும் அன்று பலகாரத் தட்டு நிற்காது. அமலோற்பவம் அனுப்பியிருந்தாள்.

"வாளா, உள்ள வா," என்றாள் மெட்டில்டா. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காரு. அன்னைக்குக் குருசடி முன்னால நான்..."

"இருக்கட்டும்க்கா. நேரமாச்சு. இன்னும் நாலு வீடு பாக்கி." சரண்யா சிரித்தாள். "உச்சி நட்சத்திரம் நல்லா இருக்கு. பூசைக்குப் போவும்போது பாத்தேன்."

மெட்டில்டா அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். கோபம் இருந்தால் பரவாயில்லை, ஏசினால் வாங்கிக்கொள்ளலாம். பொறாமை கடுகளவு இருந்தால்கூடப் போதும், இரண்டு பேரும் ஒரு கணக்கு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டுமே இல்லை. அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. எந்தச் சொல்லை இவள் எங்கே கொண்டுபோய்ச் சொல்வாளோ என்று அளந்து, பயந்து, உதட்டோடு நின்றுகொள்கிற சிரிப்பு. அந்தத் தெருவில் சரண்யா பயப்பட இதுவரை ஒருத்திதான் இருந்தாள்.

"வாரேன்க்கா," என்றாள் சரண்யா. தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு, வாசலுக்குள் வராமலே திரும்பி நடந்தாள்.